மணலளவு ஓடுகளிலிருந்து பண்டைக் கடல்நீரின் வேதியியலை அறியும் முறை

கடலின் மேலடுக்கில் மிதந்தும் அடித்தரையில் தங்கியும் வாழும் ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகள், தம்மைச் சூழ்ந்த நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக் கால்சைட் ஓடு கட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான ஓடுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஓடு வளரும்போது நீரிலுள்ள மெக்னீசியம், போரான், காட்மியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் அதற்குள் புகுந்துவிடுகின்றன. ஆக்சிஜன், கார்பன் ஆகியவற்றின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) விகிதங்களும் அதில் பதிந்துவிடுகின்றன. உயிரி மடிந்தபின் ஓடு கடலடிக்குச் சென்று படிவோடு படிவாகச் சேர்கிறது. அந்த ஓட்டை லட்சக்கணக்கான ஆண்டுகள் கழித்து எடுத்து, அது வாழ்ந்த நீர் எவ்வளவு வெப்பமாக, எவ்வளவு உப்பாக, எவ்வளவு காரமாக இருந்தது என்று கணிப்பதற்கான நடைமுறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

தொடங்கும் முன்பே மனத்தில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஓட்டிலிருந்து கிடைக்கும் எந்த எண்ணும் ஒரே காரணத்தால் விளைந்ததாக இருப்பதில்லை. இத்துறையின் வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த சான்று இருக்கிறது. ஆக்சிஜன் ஐசோடோப்புகள் வெப்பநிலைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளப்படும் என்பதை ஹெரால்டு யூரி 1947இல் கோட்பாட்டளவில் காட்டினார். செசாரே எமிலியானி 1955இல் வெளியிட்ட ஆய்வில், ஃபோராமினிஃபெரா ஓடுகளில் கண்ட ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் கடல் வெப்பநிலையின் மாற்றமாகவே படித்தார். ஆனால் ஏற்கெனவே உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்திருந்த ஆழ்கடலில் வாழ்ந்த இனங்களின் ஓடுகளிலும் ஏறத்தாழ அதே அளவு ஏற்ற இறக்கம் இருப்பதை நிக்கோலஸ் ஷாக்கிள்டன் 1967இல் எடுத்துக்காட்டி, அதன் பெரும்பகுதி நிலத்தில் பனிப்பாளங்கள் வளர்ந்து கரைந்ததால் கடல்நீரே மாறியதன் விளைவு என்று நிறுவினார். அளவீடு இருவருக்கும் பொதுவானதுதான். அதைப் படித்த விதமே வேறுபட்டது. ஆகவே ஒரே அடுக்கின் ஒரே இன ஓடுகளில் இரண்டு மூன்று அளவீடுகளைச் சேர்த்து எடுத்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பிரித்துப் படிப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. கீழ்வரும் படிகள் எல்லாம் அந்த நோக்கத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

கேள்வியை முதலில், இனத்தை அடுத்து முடிவு செய்க

மேற்பரப்பு நீரின் பிஎச் அளவை (அது எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்பதை) அறிய விரும்புகிறவர் மேலடுக்கில் மிதந்து வாழும் இனத்தையும், ஆழ்கடலின் கார்பனேட் நிலையை அறிய விரும்புகிறவர் அடித்தரை இனத்தையும் நாட வேண்டும். வெப்பமண்டலக் கடல்களில் மேலடுக்குக்கு மிகவும் பயன்படுவது குளோபிஜெரினாய்டிஸ் ரூபர். இதன் உடலுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசிகள் குடியிருப்பதால் அது வெளிச்சமுள்ள நீரை விட்டு விலகுவதில்லை. ஊட்டச்சத்து மிகுந்த குளிர்நீர் மேலெழும் பகுதிகளில் குளோபிஜெரினா புல்லாய்டிஸ் மிகுதியாகக் கிடைக்கும். அடித்தரையில், படிவின் மேற்பரப்பில் வாழும் சிபிசிடாய்டிஸ் வுல்லர்ஸ்டோர்ஃபி என்ற இனமே ஆழ்நீரின் வேதியியலுக்கு முதல் தேர்வு. படிவுக்குள் புதைந்து வாழும் யுவிஜெரினா போன்றவை, மக்கும் கரிமப் பொருளால் மாறிப்போன துளைநீரின் (படிவுத் துகள்களுக்கு இடையே தேங்கிய நீரின்) கார்பன் ஐசோடோப்பையே பதிவு செய்கின்றன என்பதால் அவற்றைக் கார்பன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

பல இனங்களைக் கலந்து ஒரே மாதிரியாக அளப்பது பெரும் பிழை. ஒவ்வொரு இனமும் தன் உடற்செயலால் ஓட்டின் வேதியியலைத் தனக்கே உரிய அளவில் மாற்றுகிறது. ஒரே நீரில் வளர்ந்த வுல்லர்ஸ்டோர்ஃபி ஓட்டுக்கும் யுவிஜெரினா ஓட்டுக்கும் இடையே ஆக்சிஜன் ஐசோடோப்பு மதிப்பில் ஏறத்தாழ 0.64‰ (‰ என்பது ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு விலகல் என்பதைக் குறிக்கும்) வேறுபாடு இருப்பது இதை உணர்த்தப் போதும். பனியுகத்துக்கும் இன்றைக்கும் இடையே பனிப்பாளங்களால் கடல்நீரில் விளைந்த மாற்றமே சுமார் 1‰ அளவுதான்.

படிவைத் தேர்தலும் கழுவுதலும்

நீண்ட குழாயைக் கடலடியில் இறக்கி எடுக்கும் உருளை வடிவப் படிவு மாதிரியை ஆய்வகங்களில் கோர் என்றே சொல்வார்கள். எந்த ஆழத்தில் எடுத்த கோர் என்பதைப் பார்க்காமல் மாதிரி கேட்கக் கூடாது. ஆழம் கூடக் கூடக் கடல்நீர் கால்சைட்டைக் கரைக்கும் தன்மை பெறுகிறது. பசிபிக்கில் ஏறத்தாழ 4 முதல் 4.5 கிலோமீட்டருக்குக் கீழும், அட்லாண்டிக்கில் 5 கிலோமீட்டரை ஒட்டியும் ஓடுகள் பெரும்பாலும் கரைந்தே போகின்றன. அந்த எல்லைக்குச் சற்று மேலே கிடைக்கும் ஓடுகளும் பாதி கரைந்தவையாக இருக்கக்கூடும். கரைதல் முதலில் மெக்னீசியம் மிகுந்த பகுதிகளைத் தாக்குவதால், அத்தகைய ஓடு உண்மையைவிடக் குளிர்ந்த கடலைக் காட்டும்.

படிவு சேரும் வேகமும் முக்கியமானது. புழுக்களும் பிற உயிரிகளும் மேல் 10 சென்டிமீட்டர் அளவுக்குப் படிவைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு 2 சென்டிமீட்டர் மட்டுமே சேரும் இடத்தில் அந்தக் கிளறல் 5,000 ஆண்டுகளை ஒன்றாகக் குழைத்துவிடும். அங்கே நூற்றாண்டு அளவிலான மாற்றத்தைத் தேடுவது வீண்.

கழுவும் வேலை எளிது. படிவை உறைநிலையில் உலர்த்தியோ குறைந்த வெப்பத்தில் அடுப்பில் உலர்த்தியோ எடை பார்த்து, நீரில் ஊறவைத்து, மெதுவாகக் குலுக்கி, 63 மைக்ரான் சல்லடையில் நீர்விட்டு அலச வேண்டும். களிமண் வெளியேறி மணலளவுப் பொருள் தங்கும். அதை உலர்த்தி அளவுவாரியாகப் பிரிக்கவும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் நனைத்து எடுத்தால், முந்தைய மாதிரியிலிருந்து கண்ணறையில் சிக்கியிருந்த ஓடுகள் நீல நிறம் ஏறி, அடுத்த மாதிரியில் கலந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

பொறுக்குதல்

முழு ஆய்வின் தரமும் இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து. கருப்புத் தட்டில் ஓடுகளை மெல்லிய அடுக்காகத் தூவி, இருகண் நுண்ணோக்கியின் கீழ், நீரில் நனைத்த மிக நுண்ணிய தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். ஒரே இனம், ஒரே அளவு வரம்பு என்ற இரண்டையும் தளர்த்தக் கூடாது. ரூபர் இனத்துக்கு 250 முதல் 355 மைக்ரான் வரையிலான வரம்பு பொதுவாகப் பயன்படுகிறது. அளவு மாறினால் உயிரியின் வயது மாறுகிறது, அது வாழ்ந்த ஆழம் மாறுகிறது, உடலுக்குள் இருந்த பாசிகளின் செயற்பாடும் மாறுகிறது. இவை எல்லாம் ஓட்டின் வேதியியலில் தெரியும்.

எத்தனை ஓடுகள் வேண்டும் என்பதற்கு அளவிடும் கருவி ஒரு விடை சொல்லும், உயிரியின் ஆயுள் மற்றொரு விடை சொல்லும். மேலடுக்கு இனங்கள் பல சில வாரங்களே வாழ்கின்றன. ஆகவே தனி ஓடு ஒன்று ஏதோ ஓர் ஆண்டின் ஏதோ ஒரு மாதத்தின் நீரைத்தான் காட்டும். மெக்னீசியம் அளவீட்டுக்கு ஏறத்தாழ 30 ஓடுகளைச் சேர்த்தால் அந்த மாதாந்திர வேறுபாடுகள் ஓரளவு சமனாகி, சராசரி நிலை கிடைக்கும். ஆக்சிஜன், கார்பன் ஐசோடோப்புகளுக்குச் சில பத்து மைக்ரோகிராம் கால்சைட்டே போதும் என்றாலும், ஓடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், பலவற்றை நொறுக்கிக் கலந்து அதிலிருந்து ஒரு பங்கை எடுப்பதே முறை. போரான் ஐசோடோப்புக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஓடுகள், அதாவது சில மில்லிகிராம் வேண்டியிருக்கும். கால்சைட்டில் போரான் பத்து லட்சத்தில் சில பங்குகள் முதல் இருபது பங்குகள் வரைதான் இருக்கிறது.

பொறுக்கிய ஓடுகளை நுண்தராசில் நிறுத்து, எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடையைக் குறித்துவைக்கவும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும், பயன் பெரிது. ஒரே அளவுள்ள ஓடுகளின் எடை குறைந்திருந்தால், அவை அடியில் கரைந்திருக்கலாம், அல்லது அவை வளர்ந்த நீரிலேயே கார்பனேட் குறைந்திருக்கலாம். இந்த இரண்டாவது காரணத்தால் எடை குறைவதை இன்றைய கடலிலும் கண்டிருக்கிறார்கள்: தென்பெருங்கடலில் இப்போது வளரும் புல்லாய்டிஸ் ஓடுகள், அதே பகுதியின் தொழிற்புரட்சிக்கு முந்தைய படிவு ஓடுகளைவிட 30 முதல் 35 விழுக்காடு எடை குறைந்தவை என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை சேகரித்த ஓடுகளை அண்மைக்கால ஓடுகளோடு ஒப்பிட்ட மற்றோர் ஆய்விலும், இன்றைய ஓடுகளின் சுவர் மெலிந்திருப்பது தெரியவந்தது.

சுத்தம் செய்தல்

இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே ஓடுகளை வைத்து, அறைகள் திறக்கும் அளவுக்கு மட்டும் மெல்ல அழுத்தவும். பொடியாக்கிவிட்டால் கழுவும்போது நீரோடு போய்விடும். அறைகளுக்குள் அடைந்துள்ள களிமண்ணில் மெக்னீசியமும் போரானும் ஓட்டைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், முதல் வேலை அதை வெளியேற்றுவது. நுண்குப்பியில் மிகத் தூய நீர் விட்டு, மீயொலிக் குளியலில் சில நொடிகள் வைத்து, ஓட்டுத் துண்டுகள் அடியில் அமர்ந்ததும் கலங்கிய நீரை உறிஞ்சி எடுக்கவும். நீர் தெளியும் வரை பலமுறை இதைச் செய்து, பின்பு மெத்தனாலால் அலசி, மீண்டும் நீரால் அலசவும். அடுத்து, கரிமப் பொருளை நீக்க, சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த 1 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில், கொதிநீர்க் குளியலில் சுமார் 10 நிமிடம் வைக்க வேண்டும். கடைசியாக 0.001 மோலார் நைட்ரிக் அமிலத்தால் மேற்பரப்பை ஒரு முறை மெல்லக் கழுவி, பின்பே வலுவான அமிலத்தில் கரைக்க வேண்டும்.

மாங்கனீசு பூச்சு ஏறிய ஓடுகளுக்கு ஹைட்ரசீன் கொண்டு செய்யும் ஒடுக்கச் சுத்திகரிப்பு ஒன்று உண்டு. ஹைட்ரசீன் கொடிய நச்சு. புகைப்பெட்டிக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது. மேலும் இந்தப் படி ஓட்டையும் சிறிது கரைத்து, மெக்னீசியம்-கால்சியம் விகிதத்தை ஏறத்தாழ 10 விழுக்காடு அளவுக்குக் குறைத்துவிடுகிறது. ஆகவே இரு வேறு முறைகளில் சுத்தம் செய்த தரவுகளைத் திருத்தமின்றி ஒரே வரைபடத்தில் சேர்க்க வேண்டாம்.

சுத்தம் போதுமா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு மாதிரியிலும் அலுமினியம், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தே ஏறி இறங்கினால், அளந்தது கடலின் வெப்பத்தை அன்று, களிமண்ணையே என்று பொருள்.

போரான் ஆய்வில் இன்னொரு கண்டிப்பு தேவை. ஆய்வகக் கண்ணாடிப் பாத்திரங்கள் பலவும் போரோசிலிகேட்டால் ஆனவை. அவற்றிலிருந்து கசியும் போரான் மாதிரியிலுள்ளதை மூழ்கடித்துவிடும். காற்று வடிகட்டிகளில் உள்ள கண்ணாடி இழைகூட மூலமாகலாம். எனவே டெஃப்லான் அல்லது பிளாஸ்டிக் குப்பிகளையும் போரான் இல்லாத காற்று வடிகட்டி பொருத்திய அறையையும் மட்டுமே பயன்படுத்தி, ஒவ்வொரு தொகுதியோடும் ஓடு இல்லாத வெற்று மாதிரி ஒன்றை முழு நடைமுறைக்கும் உட்படுத்தி அளக்க வேண்டும்.

வெப்பநிலையும் கடல்நீரின் ஆக்சிஜனும்

கால்சைட்டுக்குள் மெக்னீசியம் புகுவது வெப்பம் மிகுந்தால் எளிதாகிறது. ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். பலரும் பயன்படுத்தும் சமன்பாட்டில், மெக்னீசியம்-கால்சியம் விகிதத்தை 0.38ஆல் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 0.09ஆல் வகுத்தால் வெப்பநிலை கிடைக்கும். ஒரு மோல் கால்சியத்துக்கு 4.0 மில்லிமோல் மெக்னீசியம் இருந்தால் 26.2 டிகிரி, 3.0 இருந்தால் 23.0 டிகிரி. உப்புத்தன்மை ஓர் அலகு கூடினால் சுமார் 4 விழுக்காடும், பிஎச் குறைந்தால் அதனாலும் ஓரளவும் இந்த விகிதம் உயர்கிறது என்பதால், இங்கே வரும் வெப்பநிலையை முதல் மதிப்பீடாக மட்டும் கொள்ள வேண்டும்; பிஎச் தெரிந்தபின் திரும்ப வந்து இதைத் திருத்த வேண்டும்.

அதே ஓடுகளின் மற்றொரு பங்கைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை நிறை நிறமாலைமானியில் அளந்தால் ஆக்சிஜன் ஐசோடோப்பு மதிப்பு கிடைக்கும். அது −2.0‰ என்று கொள்வோம். ஓட்டின் மதிப்பிலிருந்து நீரின் மதிப்பைக் கழித்து, வரும் விடையை 4.8ஆல் பெருக்கி, 16.5இலிருந்து கழித்தால் வெப்பநிலை வரும் என்பது வளர்ப்பு ஆய்வில் (உயிரிகளை ஆய்வகத்தில் வளர்த்துச் செய்த ஆய்வில்) பெறப்பட்ட ஒரு சமன்பாடு. வெப்பநிலை 26.2 டிகிரி என்று மெக்னீசியத்திலிருந்து ஏற்கெனவே தெரிவதால், அதையே திருப்பிப் போட்டு நீரின் மதிப்பைப் பெறலாம். ஓட்டுக்கும் நீருக்கும் உரிய அளவுகோல்களின் வேறுபாடான 0.27ஐக் கூட்டினால் கடல்நீரின் ஆக்சிஜன் மதிப்பு சுமார் 0.3‰ என்று வரும். பனிப்பாளங்களின் பங்கைக் கழித்தபின் எஞ்சுவது, அவ்விடத்தின் ஆவியாதலையும் மழையையும், அதாவது உப்புத்தன்மையை ஒட்டியது. வெப்பநிலையில் ஒரு டிகிரி பிழை இருந்தால் நீரின் மதிப்பில் 0.2‰க்கு மேல் பிழை வரும் என்பதை உடன் குறிப்பிட வேண்டும்.

போரானிலிருந்து பிஎச்

கடல்நீரில் போரான் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: மின்னேற்றமற்ற போரிக் அமிலம், எதிர்மின்னேற்றம் கொண்ட போரேட். இன்றைய மேற்பரப்பு நீரில் போரேட் ஏறத்தாழக் கால் பங்கு. கனமான போரான்-11 போரிக் அமிலத்தையே அதிகம் நாடுகிறது. இரு வடிவங்களுக்கும் இடையிலான பகிர்வுக் காரணி 1.0272. நீர் காரமாகும்போது போரேட்டின் பங்கு கூடுகிறது, அதன் ஐசோடோப்பு மதிப்பும் உயர்ந்து, கடல்நீரின் மொத்த மதிப்பான 39.61‰ஐ நோக்கி நகர்கிறது. ஓட்டுக்குள் புகுவது முதன்மையாகப் போரேட். ஆகவே ஓட்டின் மதிப்பு பிஎச் அளவைப் பின்தொடர்கிறது. இத்துறையில் இதைவிட அழகான பிணைப்பு வேறொன்று எனக்குத் தெரியவில்லை: ஓட்டின் மதிப்பை நீரின் அமிலக் காரச் சமநிலையோடு இணைக்கும் இதன் மையப்பகுதி தூய வேதியியல்.

கணக்கைக் காண்போம். போரேட்டின் மதிப்பு 18.0‰ எனில், கடல்நீருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 21.61. அடுத்து, 39.61இலிருந்து 18.0ஐ 1.0272ஆல் பெருக்கிய விடையையும், அதே பகிர்வுக் காரணியை ‰ அளவில் எழுதினால் வரும் 27.2ஐயும் கழித்தால் −6.08. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துக் குறியை மாற்றினால் 3.55, அதன் பத்தடிமான மடக்கை 0.55. வெப்பநிலை 25 டிகிரி, உப்புத்தன்மை 35 என்ற நிலையில் போரிக் அமிலத்தின் பிரிகை மாறிலி, பிஎச் போலவே எதிர்க்குறி மடக்கையாகச் சொன்னால், 8.60. அதிலிருந்து 0.55ஐக் கழித்தால் பிஎச் 8.05. போரேட்டின் மதிப்பு 19.0‰ ஆக இருந்திருந்தால் விடை 8.14. ஒரு ‰ வேறுபாடு 0.09 பிஎச் அலகு என்பதால், அளவீட்டில் 0.2‰ பிழை ஏறத்தாழ 0.02 அலகுப் பிழையாக வெளிப்படும். தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பிஎச் மொத்தமாகக் குறைந்திருப்பதே சுமார் 0.1 அலகு என்பதை நினைத்தால், ஏன் இவ்வளவு நுண்மை தேவை என்பது விளங்கும்.

பிரிகை மாறிலியைத் தேர்ந்தெடுக்க வெப்பநிலையும் உப்புத்தன்மையும் வேண்டும். முந்தைய பகுதியின் அளவீடுகள் இங்கே கைகொடுக்கின்றன. கிடைத்த பிஎச் அளவைக் கொண்டு மெக்னீசியக் கணக்கைத் திருத்தி, மாறிய வெப்பநிலையைத் திரும்ப இங்கே இட்டு, விடை அசையாமல் நிற்கும் வரை சுற்றிச் சுற்றிக் கணக்கிட வேண்டும். மேலும் ஓட்டின் மதிப்பு போரேட்டின் மதிப்பே ஆகிவிடாது. ரூபர் போன்ற இனங்களின் உடலிலுள்ள பாசிகள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால், ஓட்டை ஒட்டிய நீர் வெளிக்கடலைவிடக் காரமாக இருக்கும். அவ்வினத்துக்கென வளர்ப்பு ஆய்விலோ கடலடியின் மேல் படிவிலோ பெறப்பட்ட திருத்தச் சமன்பாட்டைப் பயன்படுத்திய பின்பே மேற்கண்ட கணக்குக்கு வர வேண்டும்.

பிஎச் மட்டும் தெரிந்தால் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடைச் சொல்லிவிட முடியாது. காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன்; இது பிஎச் அன்று) அல்லது மொத்தக் கரைந்த கார்பன் என்ற இரண்டாவது அளவும் தேவை. காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல இன்னொரு சிக்கல் சேர்கிறது. போரான் கடலில் 1 முதல் 2 கோடி ஆண்டுகள் வரை தங்குவதால், கடைசிச் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குக் கடல்நீரின் 39.61‰ மதிப்பை அப்படியே ஏற்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு அந்த மதிப்பையே தனியாக மதிப்பிட வேண்டும். கடல்நீரின் மெக்னீசியம்-கால்சியம் விகிதமும் அவ்வாறே மாறியிருக்கிறது.

ஆழ்நீருக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. வுல்லர்ஸ்டோர்ஃபி ஓட்டிலுள்ள போரான்-கால்சியம் விகிதம், ஆழ்நீரின் கார்பனேட் செறிவு தெவிட்டுநிலையைவிட எவ்வளவு கூடுதல் என்பதை ஏறத்தாழ நேர்கோட்டில் பின்தொடர்கிறது. ஐசோடோப்பு அளவீட்டைவிடக் குறைந்த ஓடுகளே போதும்.

காலமும் சரிபார்ப்பும்

சுமார் 50,000 ஆண்டுகள் வரை ஓடுகளிலேயே கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் கணிக்கலாம். ஆழ்நீரின் பழைய கார்பன் கலப்பதால் சில நூறு ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். அதற்கு முன்பு, அடித்தரை இனங்களின் ஆக்சிஜன் வளைவை, 57 கோர்களைச் சேர்த்து 2005இல் வெளியான 53 லட்சம் ஆண்டுத் தொகுப்பு வளைவோடு பொருத்துவதே வழக்கம்.

சரிபார்ப்பை மூன்று நிலைகளில் செய்யவும். கோரின் உச்சியிலுள்ள இளம் ஓடுகள் அவ்விடத்துக் கடல்நீரின் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைத் தருகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். தராவிட்டால் கீழே போவதில் பயனில்லை. அடுத்து, கடந்த 8 லட்சம் ஆண்டுகளுக்கு அண்டார்டிகப் பனிக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளில் நேரடியாக அளந்த கார்பன் டை ஆக்சைடு நமக்குக் கிடைக்கிறது. ஓடுகளிலிருந்து கணித்த அளவு பனியுகங்களில் பத்து லட்சத்தில் சுமார் 180 பங்கையும் இடைக்காலங்களில் சுமார் 280 பங்கையும் ஒட்டி வர வேண்டும். வராவிட்டால், அந்த இடத்தின் நீர் காற்றோடு சமநிலையில் இல்லாததாகவும் இருக்கலாம், சுத்திகரிப்பின் பிழையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒத்துப்போகின்றனவா என்பது. ஏறத்தாழ 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கார்பன் கடலிலும் காற்றிலும் கலந்த நிகழ்வு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அப்போது கார்பன் ஐசோடோப்பு மதிப்பு திடீரெனச் சரிந்தது. மெக்னீசியம் வெப்பம் உயர்ந்ததைக் காட்டியது. பசிபிக்கின் ஷாட்ஸ்கி மேட்டுப் படிவிலுள்ள ஓடுகளின் போரான் பிஎச் ஏறத்தாழ 0.3 அலகு குறைந்ததைக் காட்டியது. தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில் வெண்ணிறச் சுண்ணப் படிவு கரைந்து, அவ்விடத்தில் செந்நிறக் களிமண் அடுக்கு மட்டும் எஞ்சியது. கோரைக் கையில் எடுத்ததும் கண்ணுக்குத் தெரியும் அந்தக் களிமண் பட்டைக்கும், நிறமாலைமானியில் தோன்றும் ஒரு ‰ வேறுபாட்டுக்கும் காரணம் ஒன்றே.

முடிவுகளை வெளியிடும்போது கணித்த பிஎச் அளவை மட்டும் தராமல், அளந்த விகிதங்கள், ஓடுகளின் எண்ணிக்கை, அளவு வரம்பு, சராசரி எடை, சுத்திகரிப்பு முறை, அலுமினியத்தின் அளவு ஆகிய அனைத்தையும் அட்டவணையாகத் தரவும். சமன்பாடுகள் திருந்திக்கொண்டே இருக்கின்றன. மூலத் தரவு இருந்தால் மற்றவர்கள் புதிய சமன்பாட்டைக் கொண்டு மீண்டும் கணக்கிடலாம். மிஞ்சிய ஓடுகளை மாதிரியின் ஆழம் எழுதிய சீட்டோடு குழிவுச் சில்லில் மூடிவைக்கவும்.